உலர்த்தும் இரவில் நடந்தது

பிளாட்டினம் உப்புக் கரைசலில் ஊறவைத்த கரித்தூளோடு முந்தைய நாள் மாலையில் 110 டிகிரி செல்சியஸில் ஓவனுக்குள் வைத்துவிட்டுப் போன பீங்கான் கிண்ணத்தைக் காலையில் வெளியே எடுத்தபோது, அதன் உள்விளிம்பைச் சுற்றி ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் படிந்திருந்தது. நடுவில் இருந்த கரித்தூளின் மேற்பரப்பு, பாகு உறைந்தாற்போல் மெல்லிய ஏடாக இறுகியிருந்தது. ஸ்பேட்டுலாவால் தட்டியதும் ஏடு உடைந்து, அடியில் பொடியாகக் கிடந்த கரி வெளிப்பட்டது. அப்போதே நான் நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. ஏட்டையும் பொடியையும் ஒன்றாக அரைத்து, குழாய் உலையில் ஹைட்ரஜன் ஓட்டத்தில் 250 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்து, கிடைத்த கறுப்புத் தூளை எக்ஸ் கதிர்ச் சோதனைக்கு அனுப்பினேன்.

எக்ஸ் கதிர் எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறுகிறது என்பதைக் காட்டும் வரைபடம் அது. செம்பு எக்ஸ் கதிரைப் பயன்படுத்தும் கருவிகளில் பிளாட்டினத்தின் முதன்மை முகடு 39.8 டிகிரி கோணத்துக்கு அருகில் எழும். படிகங்கள் சிறுக்கச் சிறுக்க முகடு அகலும் என்பதை 1918ஆம் ஆண்டில் பால் ஷெரர் காட்டினார். அவருடைய சமன்பாட்டின்படி 3 நானோமீட்டர் படிகங்கள் ஏறத்தாழ 2.8 டிகிரி அகலமுள்ள தாழ்ந்த மேட்டைத் தர வேண்டும். எனக்கு வந்த வரைபடத்தில் அந்த மேடு இருந்தது. ஆனால் அதன் உச்சியில், 15 நானோமீட்டருக்கும் பெரிய படிகங்களின் அடையாளமாக, ஊசி போன்ற இன்னொரு முகடும் ஏறி உட்கார்ந்திருந்தது. ஆய்வகத்தில் எங்களுக்கெல்லாம் மூத்தவரான அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வரைபடத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, “இதை அப்புறம் பார்க்கலாம் தம்பி, உலர்த்திய கிண்ணத்தைக் கழுவிவிட்டாயா?” என்று கேட்டார். கழுவியிருக்கவில்லை. வளையத்தைப் பார்த்ததும் அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

கரியின் மீது உலோக நானோத் துகள்கள் எவ்வாறு உருவாகின்றன என்று கேட்டால், உலோக உப்பைக் கரியில் ஊறவைத்து, ஹைட்ரஜனால் ஒடுக்கினால், அதாவது உலோக அயனிக்கு எலெக்ட்ரானைக் கொடுத்தால், உலோகம் வந்துவிடும் என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆய்வுக் கட்டுரைகளின் செய்முறைப் பகுதியும் அப்படித்தான் எழுதப்படுகிறது. ஒடுக்கும் வெப்பநிலை, வாயு ஓட்டம், நேரம் ஆகிய அனைத்தும் துல்லியமாகக் குறிக்கப்பட்டிருக்கும். அதற்கு முந்தைய கட்டமோ “இரவு முழுவதும் உலர்த்தப்பட்டது” என்ற மூன்று சொற்களில் முடிந்துவிடும். அந்தக் கிண்ணத்துக்குப் பிறகு நான் அறிந்துகொண்டது என்னவென்றால், துகளின் அளவைப் பெரும்பாலும் முடிவு செய்வது உலோகம் தோன்றும் கணம் அன்று, அதற்கு முன்பு உலோக அயனி கரியின் மேல் எங்கே, எவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது என்பதே.

அளவுக்கு ஏன் இவ்வளவு கவலை என்பதை ஒரு கணக்கு விளக்கும். எரிபொருள் கலங்களில் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் வினைபுரியச் செய்யும் பிளாட்டினத்தின் மேற்பரப்பு அணுக்கள் மட்டுமே வேலை செய்கின்றன. உள்ளே புதைந்தவை விலைக்கு வாங்கிய சுமை. பிளாட்டினத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 21.45 கிராம் என்பதால், 3 நானோமீட்டர் கோளங்களாக்கிய ஒரு கிராம் பிளாட்டினம் சுமார் 93 சதுர மீட்டர் பரப்பைத் தரும். 15 நானோமீட்டர் கோளங்களானால் 19 சதுர மீட்டரைத் தாண்டாது. அப்படியானால் மேலும் மேலும் சிறிதாக்கிக்கொண்டே போகலாமே என்றால், ஆக்சிஜன் ஒடுக்க வினையில் ஒரு கிராமுக்கான திறன் 3 நானோமீட்டருக்கு அருகில் உச்சத்தைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்குகிறது என்பதை 1990ஆம் ஆண்டில் கினோஷிட்டா தொகுத்துக் காட்டினார். மிகச் சிறிய துகள்களில் மூலைகளும் ஓரங்களும் மிகுந்துவிடுகின்றன. அங்குள்ள அணுக்கள் ஆக்சிஜனை அளவுக்கு மீறி இறுகப் பிடித்துக்கொள்கின்றன.

நான் செய்ய முயன்றது எடையில் 20 சதவீதம் பிளாட்டினம் உள்ள வினையூக்கி. அதாவது ஒரு கிராம் கரிக்குக் கால் கிராம் உலோகம். அதற்குக் குளோரோபிளாட்டினிக் அமிலத்தின் ஆரஞ்சு நிறப் படிகங்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு கிராம் தேவை. கரி, பலரும் பயன்படுத்தும் வல்கன் எக்ஸ்சி 72; டயரில் சேர்க்கும் புகைக்கரியின் மின்கடத்தும் உறவினர் என்று சொல்லலாம். ஒரு கிராமுக்குச் சுமார் 250 சதுர மீட்டர் பரப்பு. அந்தக் கால் கிராம் உலோகம் முழுவதும் 3 நானோமீட்டர் துகள்களாகிச் சீராகப் பரவினால், ஒவ்வொரு துகளுக்கும் ஏறக்குறைய 300 சதுர நானோமீட்டர் இடம் கிடைக்கும். பக்கத்துத் துகளுக்கும் அதற்கும் சராசரியாக 17 நானோமீட்டர் இடைவெளி. உண்மையில் இடைவெளி இதைவிடக் குறைவு. ஏனெனில் அந்த 250 சதுர மீட்டரில் ஒரு பெரும்பகுதி 2 நானோமீட்டரைவிடக் குறுகிய துளைகளுக்குள் இருக்கிறது, 3 நானோமீட்டர் துகள் அங்கே நுழைய முடியாது. ஏறத்தாழ 30 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு கரிமணியின் மேல் இருபதுக்கும் சற்று மேற்பட்ட துகள்கள் என்று வைத்துக்கொண்டால் படம் தெளிவாகும். அந்த இருபதும் பிறக்க வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று பிறந்து மற்றவற்றின் பங்கையும் உண்டு பெருத்துவிடுவதுதான் என் கிண்ணத்தில் ஆங்காங்கே நடந்தது.

கரியை நாம் ஒரு மேசையாகவே கற்பனை செய்கிறோம். துகள்களைக் கொண்டுபோய் வைப்பதற்கு ஓர் இடம், மின்சாரத்தைக் கடத்த ஒரு வழி, அவ்வளவுதான் என்று. இந்தக் கற்பனையைக் கலைக்க எளிய சோதனை ஒன்று உண்டு. பிஎச் 3 அளவுக்கு அமிலமாக்கிய சிறிதளவு நீரில் தாராளமாகப் புகைக்கரியைக் கொட்டிக் கலக்கிவிட்டு, பிஎச் மீட்டரின் மின்முனையை வைத்துப் பார்த்தால், எண் மெல்ல மெல்ல ஏறும். கரி போதிய அளவில் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் 7, 8 என்று போய்விடும். நாம் அமிலம் என்று நினைத்து ஊற்றிய கரைசல் இப்போது அமிலமே அன்று. நீரில் இருந்த ஹைட்ரஜன் அயனிகளைக் கரி தன் மேல் ஏற்றிக்கொண்டுவிட்டது. கிராஃபைட் அடுக்குகளின் எலெக்ட்ரான் மேகமும், அடுக்குகளின் ஓரங்களில் ஒட்டியிருக்கும் சில ஆக்சிஜன் தொகுதிகளும் காரத்தைப் போல நடந்துகொள்கின்றன. இதற்கு மாறாக, நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்த கரியின் ஓரங்கள் கார்பாக்சில் தொகுதிகளால் நிறைந்துவிடுவதால், அதே கரி அமிலத்தன்மை உடையதாகி எதிர்ப்பக்கம் சாயும்.

ஆகவே ஒவ்வொரு கரிக்கும், அதன் மேற்பரப்பில் மொத்த மின்னூட்டம் சுழியாகும் ஒரு பிஎச் அளவு உண்டு. அதற்குக் கீழே கரி நேர்மின்னூட்டம் பெறும், மேலே எதிர்மின்னூட்டம் பெறும். குளோரோபிளாட்டினிக் அமிலம் நீரில் கரைந்தால் உலோகம் எதிரயனிக்குள் இருக்கிறது. ஆகவே அதற்குக் காரத்தன்மை உள்ள கரியும் அமிலக் கரைசலும் பொருத்தம். நான்கு அம்மோனியா மூலக்கூறுகளைச் சுமந்த பிளாட்டினம் நேரயனி. அதற்கு ஆக்சிஜனேற்றிய கரியும் காரக் கரைசலும் பொருத்தம். உலோகத்தைச் சுமக்கும் ஆக்சைடுகளுக்கு இந்த எண்ணத்தை 1978ஆம் ஆண்டிலேயே புருனெல் முன்வைத்தார். பிற்காலத்தில் அமெரிக்காவில் ஜான் ரெகல்புட்டோவின் குழு அதைக் கரிகளுக்கும் விரித்து, எவ்வளவு உலோகம் ஒட்டும் என்பதைக் கணக்கிடக்கூடிய முறையாக வளர்த்தது. கணக்கின் உச்சவரம்பு சுவாரசியமானது: ஒவ்வோர் அயனியும் தன்னைச் சுற்றி நீர்ப்போர்வையோடு வந்து உட்காருவதால், ஒரு சதுர நானோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு பிளாட்டினம் எதிரயனிக்கு மேல் இடமில்லை. வல்கன் கரியின் 250 சதுர மீட்டரும் முழுவதுமாகக் கிடைத்தாலும், ஒரு கிராமின் மேல் 80 மில்லிகிராம் பிளாட்டினம்தான் மின்விசையால் ஒட்ட முடியும். நான் ஊற்றியிருந்ததோ 250 மில்லிகிராம். மீதி 170 மில்லிகிராமும் எதையும் பற்றிக்கொள்ளாமல் நீரில் மிதந்துகொண்டிருந்தது. நான் பிஎச்சைச் சரிபார்க்கவே இல்லை என்பதால், ஒட்டியிருக்க வேண்டிய 80 மில்லிகிராமும் முழுமையாக ஒட்டியிருக்காது.

இங்கே ஓர் இடைச்செருகல். கரி, அயனியைப் பிடித்துவைப்பதோடு நின்றுவிடுவதில்லை. அதை ஒடுக்கவும் செய்கிறது. பல்லேடியம் குளோரைடுக் கரைசலில் கரித்தூளைப் போட்டால், எந்த ஒடுக்கியும் சேர்க்காமலே உலோகப் பல்லேடியத்தின் படிகங்கள் கரியின் மேல் தோன்றிவிடும். நோவோசிபிர்ஸ்கில் உள்ள போரெஸ்கோவ் நிறுவனத்தில் சிமோனோவும் உடன் பணியாற்றியவர்களும் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். கரி எலெக்ட்ரானைக் கொடுக்கிறது, தான் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. மின்கடத்தி என்பதால் ஓரிடத்தில் கொடுத்த எலெக்ட்ரான் வேறோர் இடத்தில் வளரும் படிகத்துக்குப் போய்ச் சேரலாம். பிளாட்டினத்தில் இந்த வேலை பெரும்பாலும் பாதிவழியில் நிற்கிறது. நான்கு ஊட்டம் கொண்ட பிளாட்டினம் இரண்டு ஊட்டமாகக் குறைகிறது. ஊறவைத்த கரைசலின் நிறம் மாறவில்லை, அதனால் எதுவும் நடக்கவில்லை என்று நினைப்பவர்கள் கறுப்புத் தூளுக்குள் கண்ணால் எதையும் பார்க்க முடியாது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இனி உலர்த்தும் இரவுக்கு வருகிறேன். ஈரச் சுவரில் உப்புப் பூப்பதைப் பார்க்காதவர்கள் நம்மில் இருக்க மாட்டார்கள். சுவருக்குள் பரவலாகக் கரைந்திருந்த உப்பு, நீர் ஆவியாகும் முகப்பை நோக்கி நுண்துளைகள் வழியே இழுத்துவரப்பட்டு, அங்கே நீரை மட்டும் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் தான் தங்கிவிடுகிறது. கிண்ணத்தில் இருந்த கரிப்பசையிலும் அதுவே நடந்தது. ஓவனின் சூடான காற்று பட்ட மேற்பரப்பிலும், பீங்கான் சுவரின் ஓரத்திலும் நீர் வேகமாக ஆவியானது. அந்த இடத்தை நிரப்ப உள்ளிருந்து கரைசல் நுண்குழாய் விசையால் ஏறிவந்தது. கரியை இறுகப் பற்றாத பிளாட்டினம் உப்பு அதனோடு பயணம் செய்தது. குழம்பு சுண்டச் சுண்ட உப்பு ஏறுவது போல அங்கே செறிவு ஏறி, கடைசித் துளி நீரும் போனபோது உப்பு கட்டியாகப் படிந்தது. கண்ணுக்குத் தெரிந்த வளையம் இந்த ஓட்டத்தின் பெரிய வடிவம். கண்ணுக்குத் தெரியாத அளவில், கரிமணிகள் ஒன்றோடொன்று தொடும் கழுத்துப் பகுதிகளிலும் குறுகிய இடுக்குகளிலும் கடைசியாக எஞ்சும் நீர்த்துளிகள் ஒவ்வொன்றும் அதே வேலையைச் செய்திருக்கும். அங்கே உறைந்த ஒரு சிறு உப்புக்கட்டியில் எத்தனை பிளாட்டினம் அயனிகள் இருந்தனவோ, ஏறத்தாழ அத்தனையும் ஒரே துகளாகவோ ஒட்டிப்பிறந்த சில துகள்களாகவோ ஆகிவிடும்.

கரி நீரை விரும்பாத பொருள் என்பதும் இதைக் கெடுக்கிறது. புகைக்கரியின் மேல் ஒரு சொட்டு நீரை விட்டால், தாமரை இலைத் தண்ணீராகத் தூளைப் போர்த்திக்கொண்டு உருண்டு ஓடும். அதனால்தான் துளைக் கொள்ளளவுக்குச் சமமான கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பிசையும் முறையில் பலர் நீரோடு ஐசோபுரொபனால் கலக்கிறார்கள். நான் கலக்காததால், தூளின் சில பகுதிகள் நனையவே இல்லை. நனைந்த பகுதிகள் பங்குக்கு மேல் குடித்தன.

ஒடுக்கும் கட்டத்தில் இந்த ஏற்றத்தாழ்வு மேலும் பெருகுகிறது. ஒரு துகள் பிறப்பதற்குச் சில அணுக்கள் முதலில் கூடவேண்டும். அந்தச் சிறு கூட்டத்தில் அனைத்துமே மேற்பரப்பு அணுக்கள் என்பதால் அது நிலையற்றது, கலைந்துபோகும் வாய்ப்பே அதிகம். ஒரு வரம்பைத் தாண்டிவிட்டால் வளர்வது ஆற்றலளவில் இலாபம். அந்த வரம்பைத் தாண்டிய கூட்டத்தைக் கரு என்கிறோம். பாடநூல்களில் இதற்குத் தவறாமல் வரும் வரைபடம், 1950ஆம் ஆண்டில் லாமெரும் டினெகரும் தந்தது: செறிவு ஏறி ஒரு கோட்டைத் தாண்டியதும் கருக்கள் ஒரே வீச்சில் பிறக்கின்றன, செறிவு இறங்குகிறது, அதன் பிறகு புதிதாக எதுவும் பிறப்பதில்லை, பிறந்தவை மட்டும் ஒரே சீராக வளர்கின்றன. அழகான படம். ஆனால் அவர்கள் ஆராய்ந்தது கந்தகக் கூழ்மத்தை, உலோகத்தை அன்று. கரி அங்கே இல்லவே இல்லை.

ஹைட்ரஜனைக் கொண்டு உலோக உப்பை ஒடுக்கும்போது நிலைமை வேறு என்பதை வாட்ஸ்கியும் ஃபின்கேயும் 1997ஆம் ஆண்டில் இரிடியத்தைக் கொண்டு விளக்கினார்கள். முதல் கருக்கள் மெதுவாக, விட்டு விட்டுப் பிறக்கின்றன. ஆனால் பிறந்த உலோகப் பரப்பு ஹைட்ரஜன் மூலக்கூறைப் பிளந்து, பக்கத்தில் உள்ள உப்பைத் தானே வேகமாக ஒடுக்குகிறது. தன் பிறப்புக்குக் காரணமான வினையைத் தானே ஊக்குவிக்கும் நிலை இது. பிளாட்டினம் ஹைட்ரஜனைப் பிளப்பதில் இரிடியத்துக்குச் சளைத்ததன்று. ஆகவே அயனிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே கரியைப் பற்றியிருந்தால், முந்திப் பிறந்த துகளுக்கும் அருகில் எட்டும் தூரத்தில் உண்ணக் கிடைப்பது கொஞ்சம்தான். ஓர் உப்புக்கட்டியின் நடுவில் பிறந்த கருவுக்கோ எட்டுத் திசையிலும் விருந்து. முந்தியது பெருக்கும், பிந்தியது பிறக்காமலே போகும்.

இந்தக் கட்டத்தை நேரில் பார்க்க முடியாவிட்டாலும், நாடி பிடித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. உலையிலிருந்து வெளியேறும் வாயுவின் முன் ஈரமாக்கிய நீல லிட்மஸ் தாளைப் பிடித்தால், உப்பிலிருந்து குளோரின் ஹைட்ரஜன் குளோரைடாக வெளியேறத் தொடங்கியதும் தாள் சிவக்கும். என் முதல் தொகுதியில் தாள் சிவந்து, வெளிறி, மறுபடியும் சிவந்தது. கரியில் பரவியிருந்த உப்பு முதலிலும் கட்டியாகக் கிடந்த உப்பு பிறகும் ஒடுங்கியிருக்கலாம் என்பது என் ஊகம். அதை நிரூபிக்க அந்தத் தாளுக்கு அப்பால் என்னிடம் எதுவும் இல்லை.

பிறந்த பிறகும் துகள் பிறந்த இடத்திலேயே இருந்துவிடுவதில்லை. கிராஃபைட்டின் தட்டையான அடுக்கின் மேல் பிளாட்டினம் அணுவுக்குப் பிடிமானம் குறைவு. வழுக்கிக்கொண்டே போய் ஒரு படிக்கட்டின் ஓரத்திலோ குறைபாட்டிலோ மாட்டிக்கொண்டு நிற்கும். பளிங்கு போன்ற கிராஃபைட்டின் மேல் உலோக ஆவியைப் படியவைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், வயல் வரப்பில் கொக்குகள் வரிசையாக நிற்பது போல, அடுக்கு முடியும் விளிம்புகளில் மட்டும் துகள்கள் வரிசைகட்டி நிற்கும். கரியை நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைப்பதால் இத்தகைய பிடிமானங்கள் கூடும் என்பது பரவலான நம்பிக்கை. பாதி உண்மை. அயனியை ஈர்க்கும் அதே கார்பாக்சில் தொகுதிகள் 200 டிகிரிக்கு மேல் கார்பன் டைஆக்சைடாகச் சிதையத் தொடங்கிவிடுகின்றன. துகள் உருவாகும் வேளையில் அதற்குக் கீழிருந்த முளைக்குச்சி பிடுங்கப்பட்டுவிடுகிறது. அமிலத்தில் கொதிக்கவைத்த கரியால் எப்போதும் நன்மையே என்று எழுதும் கட்டுரைகளைப் படிக்கும்போது, ஒடுக்கிய வெப்பநிலை என்ன என்பதை நான் முதலில் தேடுகிறேன்.

வெப்பத்தைக் குறித்து ஒரு தோராய விதி ஆய்வகங்களில் வாய்வழியாகப் புழங்குகிறது. உருகுநிலையைக் கெல்வினில் எழுதி, அதில் பத்தில் மூன்று பங்கை எட்டினால் மேற்பரப்பு அணுக்கள் நகரத் தொடங்கும், பாதியை எட்டினால் உள்ளணுக்களும் நகரும் என்பது அது. முன்னது ஹூட்டிக் வெப்பநிலை, பின்னது டாமன் வெப்பநிலை. பிளாட்டினம் 1768 டிகிரி செல்சியஸில் உருகுவதால், முன்னது 340 டிகிரிக்கும் பின்னது 750 டிகிரிக்கும் அருகில் வரும். நானோத் துகள்களுக்கு உருகுநிலையே குறைவு என்பதால் இந்த எண்களைக் கல்லில் எழுதிவைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் 250 டிகிரியில் ஒடுக்கினால் போதுமே, 500க்குப் போக வேண்டிய காரணம் என்ன என்று கேட்டுக்கொள்ள அவை உதவும்.

துகள்கள் உருவாவதை நேரடியாகப் படம்பிடித்ததும் நடந்திருக்கிறது. 2009ஆம் ஆண்டில் பெர்க்லியில் ஹைமெய் ஜெங்கும் அலிவிசாடோஸும் மற்றவர்களும், இரண்டு சிலிக்கான் நைட்ரைடுச் சாளரங்களுக்கு நடுவே பிளாட்டினம் கரைசலை அடைத்து, மின்னணு நுண்ணோக்கியின் கற்றையாலேயே அதை ஒடுக்கி, துகள்கள் வளர்வதைக் காணொளியாக எடுத்தார்கள். சில துகள்கள் அணு அணுவாகச் சேர்த்து வளர்ந்தன. சில, இரண்டாக மோதி ஒன்றாயின. ஒன்றானவை சற்று நேரம் வளராமல் தம் உருவத்தைச் சீர்செய்துகொண்டன, அதற்குள் தனியாக வளர்ந்தவை எட்டிப்பிடித்துவிட்டன; இறுதியில் அளவுகள் நெருங்கி வந்தன. லாமெரின் படத்தில் இல்லாத சங்கதி இது. அங்கே கரி இல்லாததால் எங்கள் சிக்கலுக்கு நேரடியான பதில் அதில் இல்லை.

எல்லா உலோகத்துக்கும் நானோத் துகளே இலட்சியம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்குத் தங்கம் நல்ல எடுத்துக்காட்டு. அசெட்டிலீனிலிருந்து பிவிசிக்கான வினைல் குளோரைடைத் தயாரிக்க, கரியில் ஏற்றிய பாதரசக் குளோரைடே நெடுங்காலமாகப் பயன்பட்டது. அதற்குத் தங்கமே சிறந்த மாற்றாக இருக்கும் என்று 1985ஆம் ஆண்டில் கிரஹாம் ஹட்சிங்ஸ் கணித்தார். வினை நடந்துகொண்டிருக்கும்போதே எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு, வேலை செய்வது கரியின் மேல் ஒற்றை ஒற்றையாக அமர்ந்த தங்க அயனிகள் என்றும், உலோகத் துகள்கள் அல்ல என்றும் காட்டியது. அந்த வினையூக்கியைத் தயாரிப்பவருக்கு நானோத் துகள் உருவாவதே தோல்வி. எனக்கு 3 நானோமீட்டரில் கிடைத்தால் மகிழ்ச்சி தரும் அதே காட்சி, அவருக்கு வேலை கெட்டதற்கான சான்று.

பிளாட்டினத்துக்குத் திரும்புகிறேன். 20 சதவீதமே வேண்டுமென்றால், துகளை முதலில் கரைசலிலேயே உருவாக்கிவிட்டு, அதன் பிறகு கரியின் மேல் ஏற்றும் கிளைக்கால் முறை பாதுகாப்பானது. எத்திலீன் கிளைக்கால் என்ற ஆல்கஹால் வகைத் திரவத்தில் உப்பையும் சோடியம் ஹைட்ராக்சைடையும் கரைத்து 130 முதல் 160 டிகிரி வரை சூடாக்கினால், மஞ்சள் நிறம் சில நிமிடங்களில் கருங்காப்பி நிறமாகும். கிளைக்கால் தன்னை ஆக்சிஜனேற்றிக்கொண்டு உலோகத்தை ஒடுக்குகிறது. அதில் பிறக்கும் கிளைக்கோலேட் அயனி துகளைச் சூழ்ந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கிறது. காரத்தின் அளவை மாற்றியே துகளின் அளவை 0.7 முதல் 4 நானோமீட்டர் வரை தேர்ந்துகொள்ளலாம் என்பதைக் கனடாவில் கிறிஸ்டினா பாக்கின் குழு பிளாட்டினம் ருத்தேனியத்தைக் கொண்டு 2004ஆம் ஆண்டில் காட்டியது. கரியைச் சேர்த்து, அமிலம் விட்டுப் பிஎச்சை இறக்கினால், பாதுகாவலர்கள் விலகி, துகள்கள் கரியின் மேல் இறங்கும். வடிகட்டும்போது இறங்கும் நீர் நிறமற்று இருக்க வேண்டும். அதில் பொட்டாசியம் அயோடைடு இட்டால் செம்பழுப்பாக மாறக் கூடாது. மாறினால், ஒடுங்காத பிளாட்டினம் இன்னும் மீந்திருக்கிறது என்று பொருள். இந்த முறையில் உலர்த்துதல் ஆபத்தான கட்டம் அன்று. உலோகம் முன்பே உலோகமாகிவிட்டது, நீரோடு ஓடிப்போக உப்பு இல்லை.

ஆனாலும் நான் முதலில் ஊறவைக்கும் முறைக்கே திரும்பினேன். தவறு எங்கே என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. 20 சதவீதம் என்ற பிடிவாதத்தை விட்டு 5 சதவீதத்துக்கு இறங்கினேன். புதிதாகக் கரைத்த உப்பையே எடுத்தேன், ஏனெனில் நாள்பட்ட கரைசலில் குளோரைடுகள் இருந்த இடத்தில் நீர் மூலக்கூறுகள் நுழைந்து அயனியின் குணம் மாறிவிடுகிறது. நிறையக் கரைசலில் கரியை மிதக்கவிட்டு, கலக்கிய பிறகான பிஎச்சை 3க்கு அருகில் நிறுத்தி, ஒரு மணி நேரம் கலக்கி வடிகட்டினேன். ஒட்டாத உப்பு வடிநீரோடு வெளியேறிவிட்டது. ஈரக் கரியை அறை வெப்பத்திலேயே விரித்து, அவ்வப்போது கிளறி, மறுநாள்தான் ஓவனுக்குக் கொண்டுபோனேன். ஒடுக்கி முடித்ததும் உலையைக் குளிரவிட்டு நைட்ரஜனை நெடுநேரம் ஓட்டினேன். ஹைட்ரஜன் ஏறிய பிளாட்டினக் கரியை அவசரப்பட்டுக் காற்றில் திறந்தால் பொறி பறக்கும், பக்கத்தில் மெத்தனால் ஆவி இருந்தால் தீயே பிடிக்கும்.

இம்முறை வரைபடத்தில் ஊசி இல்லை. 39.8 டிகிரியைச் சுற்றி, கரியின் பின்னணியிலிருந்து பிரித்தறிவதே கடினமான ஒரு தாழ்ந்த மேடு மட்டும் இருந்தது. நுண்ணோக்கிப் படங்களும் நன்றாக வந்தன, ஆனால் அவற்றின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. முதல் தொகுதியின் படங்களும் நன்றாகத்தான் இருந்தன. 15 நானோமீட்டர் படிகம் ஒன்றில் உள்ள உலோகம், 3 நானோமீட்டர் துகள்கள் 125இல் உள்ள உலோகத்துக்குச் சமம். உலோகத்தில் பாதி பெரிய படிகங்களில் கிடந்தாலும், எண்ணிக்கையில் அவை நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. அழகான இடமாகத் தேடிப் படமெடுக்கும் கண்ணுக்கு அவை தப்பிவிடும், எக்ஸ் கதிருக்குத் தப்பாது.

முதல் கிண்ணத்தை அக்கா கழுவவிடவில்லை. புதிதாக வருபவர்களுக்குக் காட்ட வேண்டுமென்று அலமாரியில் சில வாரங்கள் வைத்திருந்தார். பிறகு ஒரு நாள் விளிம்பில் இருந்த வளையத்தை நான்தான் கொஞ்சம் நீர் விட்டுக் கரைத்து, மஞ்சளாக வந்த கழுநீரைப் பிளாட்டினம் மீட்புப் புட்டியில் ஊற்றினேன்.